தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகிறேன்: பொதுக் கழிப்பறை பயம் வேறு யாருக்காவது உண்டா?

டோம்பிவ்லிக்காரி

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மாமியாரிடம் சொல்லக் கூச்சம். கணவரிடம் சொன்னால் "அடக்கிக்கொண்டிருக்காதே" என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முகம் தெரியாத தமிழ்க்காரர்களிடம் சொல்வது எளிது என்று தோன்றியதால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். திருமணமாகி மும்பை வந்து நான்கு வருடம் ஆகிறது. வீடு டோம்பிவ்லியில், வேலை ஃபோர்ட்டில். காலை ஏழேமுக்கால் வாக்கில் ரயிலேறினால் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனுக்கு வரும் ஆட்டோ, இறங்கியபின் நடை எல்லாம் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து என் நாற்காலி வரை இரண்டு மணி நேரம். அலுவலகம் பழைய கட்டடம். ஒரு மாடியில் இருக்கும் நான்கு அலுவலகங்களுக்கும் பெண்கள் கழிப்பறை ஒன்றுதான். அதன் சாவி பியூன் மேசையில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நான் கண்டுபிடித்த வழி தண்ணீரைக் குறைப்பது. காலையில் ஒரு வாய் காபி, மதியச் சாப்பாட்டோடு இரண்டு மடக்கு, அவ்வளவுதான். பையில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். மாலை வீட்டுக்கு வந்ததும் அந்தத் தண்ணீரை அப்படியே துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவேன். இந்த வருடம் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. இரண்டாம் முறை டாக்டர், "பகலில் எத்தனை தடவை போகிறீர்கள்?" என்று கேட்டார். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு ஒரு தடவை என்று சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

அழுக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவேன். போன மழைக்காலத்தில் ரயில்கள் நின்றுபோய் ஒரு ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் அகப்பட்டுக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அங்கிருந்த கட்டணக் கழிப்பறைக்குப் போனேன். கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதில் ஒரு சேலைக் கரைத் துண்டு கட்டித் தொங்கியது. அதை இடது கையில் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டேன். பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை, கழுத்தில் மாட்டிக்கொண்டேன். தரையில் நீரா வேறெதுவுமா என்று தெரியாத ஈரம். விளக்கு இல்லை. வெளியே ஆண்கள் பேசிக்கொள்வது காதருகில் கேட்டது. திடீரென்று யாரோ கதவைத் தள்ளினார்கள். தள்ளியது இன்னொரு பெண்தான், அவரும் என்னைப் போலத் தவித்து வந்தவர். ஆனால் அந்த நொடியில் என் உடம்பு பூட்டிக்கொண்டது. வயிறு வெடிக்கிற மாதிரி இருந்தும் ஒரு சொட்டு வரவில்லை. ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனபடியே திரும்பி வந்தேன்.

அன்றிலிருந்து ஃபினைல் வாடை பட்டாலே நெஞ்சு படபடக்கிறது. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் என்னென்ன நோய் வருமோ என்று இரவில் யோசிக்கிறேன். உண்மையில் வருமா? நீங்களெல்லாம் இந்த ஊரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மாதுங்கா மாமி

குழந்தை, நான் 1979இல் இந்த ஊருக்கு வந்தவள். எனக்குச் சர்க்கரை. அடக்க வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது. அதனால் இந்த நகரத்தை நான் வேறு விதமாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறேன். எந்தக் கோயிலில் பின்பக்கம் சுத்தமான இடம் இருக்கிறது, எந்த உடுப்பி ஓட்டலில் முதலாளி முகம் சுளிக்காமல் விடுவார், எந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் காவலாளி ஒன்றும் கேட்கமாட்டார், எல்லாம் மனப்பாடம். புதிதாக ஓரிடத்துக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரம் பார்ப்பதற்கு முன் மண்டபத்தில் வசதி எப்படி என்று விசாரிப்பேன்.

என் பைக்குள் எப்போதும் இருப்பவை: காகித சோப்பு, பழைய காட்டன் துணியில் கிழித்த நாலைந்து துண்டு, ஒரு சின்ன டார்ச், மாட்டுவதற்கு ஓர் இரும்பு எஸ் கொக்கி. அந்தக் கொக்கியைக் கதவின் மேல்விளிம்பில் மாட்டிப் பையைத் தொங்கவிடலாம். பத்து ரூபாய்ப் பொருள், எனக்கு அது இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. சில்லறை தனிப் பர்ஸில் வைத்துக்கொள். அவசரத்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை.

சயான் செவிலி

சகோதரி, இருபத்திரண்டு வருடமாக வார்டில் வேலை செய்கிறேன். உங்களுக்கு நடந்ததைப் போல வாரத்துக்கு நாலு பேரைப் பார்க்கிறேன். எல்லோரும் சொல்வது ஒன்றே: "பப்ளிக் டாய்லெட்டில் போனேன், தொற்று வந்துவிட்டது." கொஞ்சம் கிளறிக் கேட்டால், போகாமல் அடக்கியவர்கள்தான் அதிகம்.

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது வருவது நம் குடலிலிருந்தே. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20 செ.மீ. ஆசனவாயிலிருந்து முன்பக்கம் போகும் தூரமும் நமக்குக் குறைவு. அந்தக் கிருமி மேலேறினாலும் அடிக்கடி சிறுநீர் கழித்தால் அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீரும் குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் அடக்கிவைத்தால் அது பெருகுவதற்கு நாமே இடம் கொடுக்கிறோம். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 400, 500 மில்லி பிடிக்கும். அந்த அளவு நிறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை போய்விடுவது நல்லது.

இருக்கையில் உட்கார்வதால் எச்ஐவி வராது. பால்வினை நோய்கள் அப்படிப் பரவுவதில்லை. காயமில்லாத தோல் நல்ல கவசம். புண்ணோ வெட்டோ இருந்தால் மட்டும் கவனம் தேவை. பொதுக் கழிப்பறையில் உண்மையாக அஞ்ச வேண்டியது கையைத்தான். குழாய்த் திருகு, தாழ்ப்பாள், ஃபிளஷ் பொத்தான், அங்கே கிடக்கும் மக், இவற்றைத் தொட்டுவிட்டு அதே கையால் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் வரும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் பரவும் வழி அதுதான். சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசரை மட்டும் நம்பாதீர்கள். வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸிடம் ஆல்கஹால் சரியாக வேலை செய்யாது. மாமி சொன்ன காகித சோப்பு அதைவிட மேல்.

இன்னொன்று. மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். தொடை நடுங்க அப்படி நிற்கும்போது இடுப்புத் தசைகள் தளர்வதில்லை. 1991இல் பிரிட்டனில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்தரத்தில் குனிந்து கழித்த பெண்களுக்குச் சிறுநீர் வேகம் 21 சதவீதம் குறைந்தது, பையில் தங்கிவிட்ட சிறுநீர் கணிசமாகக் கூடியது. இருக்கையில் நீர் ஊற்றித் துடைத்துவிட்டு நன்றாக உட்காருங்கள். நம்மூர்க் குந்தும் கழிப்பறை இருந்தால் இன்னும் நல்லது, எதையும் தொட வேண்டியதில்லை. கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். அங்கிருக்கும் மக்கைவிட நேரே குழாய்த் தண்ணீர் நல்லது.

காய்ச்சல், முதுகுப் பக்கவாட்டில் வலி, சிறுநீரில் இரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். மாத்திரையை இரண்டாம் நாள் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பாண்டுப் பாலன்

மன்னிக்கவும், ஒரு சந்தேகம். நம் அம்மாக்கள், பாட்டிகள் எல்லாம் ஊரில் வெட்டவெளிக்கே போனார்கள். அவர்களுக்கு இந்தப் பயமெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போதுள்ளவர்கள் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்கிறோமோ?

சீதா கேம்ப் செல்வி

தம்பி, கேட்டதால் சொல்கிறேன். என் அம்மா திருநெல்வேலிப் பக்கம். விடியற்காலை நாலு மணிக்கு இருட்டில் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை. இடையில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும். மழை பெய்தால், பாம்பு கண்டால், யாராவது டார்ச் அடித்தால் எழுந்து நிற்க வேண்டும். ராத்திரி வயிறு சரியில்லாமல் போனால் துணைக்கு வர ஆள் வேண்டும் என்பதற்காகவே சாயங்காலச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பயம் இருந்தது. நம்மிடம் அதைச் சொல்லவில்லை.

அம்மா மும்பைக்கு வந்து ஜனதா காலனியில் குடியேறினார். 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தக் குடியிருப்பை இடித்து எல்லோரையும் சீதா கேம்புக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்த முதல் வருடங்களில் கழிமுகத்துச் சேறுதான் கழிப்பறை. கடல்நீர் ஏறும் நேரம் பார்த்துப் பெண்கள் போவார்களாம். எங்கள் அக்காவுக்கு அப்போது வயது பதினொன்று. அவளை நடுவில் உட்கார வைத்து நாலு பெண்கள் சேலையை விரித்துப் பிடிப்பார்கள் என்று அம்மா சொல்வார். அந்தச் சேலை மறைப்பு இல்லாமல் அவள் எங்கும் போகமாட்டாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, இன்றும் வீட்டுக்குள் தாழ் போட்டுவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறாள்.

பாண்டுப் பாலன்

அக்கா, தெரியாமல் எழுதிவிட்டேன். என் பாட்டியும் சாயங்காலம் சாப்பிடமாட்டார். விரதம் என்று சொல்வார். இன்று அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

வாஷி இளைஞன்

இது பெண்கள் விஷயம் மட்டும் இல்லை என்பதால் நானும் சொல்கிறேன். எனக்கு வயது 27. பள்ளியிலிருந்தே வரிசையாக நிற்கும் சிறுநீர்க் கழிப்பிடத்தில் என்னால் போக முடியாது. பக்கத்தில் ஆள் நின்றாலோ, பின்னால் வரிசை நின்றாலோ அப்படியே அடைத்துக்கொள்ளும். போன மாதிரி பாவனை செய்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போனதில்லை. நண்பர்களோடு இரவு பஸ் ஏறியதில்லை. வேலைக்குச் சேரும்போது சிறுநீர்ப் பரிசோதனை என்றார்கள். ஒன்றரை மணி நேரம் உள்ளே நின்றேன். வெளியே கதவைத் தட்டத் தட்ட இன்னும் இறுகியது.

இதற்குப் பெயர் இருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரியும்: பாருரிசிஸ். 1954இல் வில்லியம்ஸ், டிகன்ஹார்ட் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் விசாரித்து எழுதியபோது வைத்த பெயர். சமூகப் பதற்றத்தின் ஒரு வகையாக மனநல மருத்துவர்கள் இதைக் கருதுகிறார்கள். எனக்கு டாக்டர் விளக்கியது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்தால் உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகும். அந்த நேரத்தில் சிறுநீர் வாயைச் சுற்றியுள்ள தசை இறுகும். "வா, வா" என்று நாம் அவசரப்படுத்தினால் மூளை அதையும் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும். டோம்பிவ்லி அக்காவுக்கு அந்த மழை நாளில் நடந்ததும் இதேதான் என்று நினைக்கிறேன். உடம்பு உங்களைக் காப்பாற்றப் பார்த்தது, அவ்வளவுதான்.

சிகிச்சை மாத்திரையில் தொடங்கவில்லை, படிப்படியான பழக்கத்தில் தொடங்கியது. எளிதான இடத்திலிருந்து கடினமான இடம்வரை பத்துப் படிகள் எழுதச் சொன்னார்கள். முதல் படி, வீட்டில் அண்ணன் கூடத்தில் இருக்கும்போது கதவைச் சாத்திப் போவது. இரண்டாவது, அண்ணன் கதவுக்கு வெளியே நிற்பது. அப்படியே ஒரு மாலில் ஆளில்லாத நேரம், ஆள் இருக்கும் நேரம். வராவிட்டால் திட்டிக்கொள்ளாமல் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்துவிட வேண்டும், மறுநாள் திரும்பப் போக வேண்டும். ஏழு மாதம் ஆனது. ஏழாவது படியில் இருக்கிறேன். போன மாதம் முதன்முறையாக மும்பையிலிருந்து திருச்சி வரை ரயிலில் போய் வந்தேன். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைக்கலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம்.

கோரேகாவ் நிலா

இருக்கையில் அடிக்கும் ஸ்ப்ரே, நின்றுகொண்டே போக உதவும் காகிதப் புனல், இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. எனக்கு அந்தப் புனல் பெரிய உதவி. முதல் இரண்டு முறை வீட்டுக் குளியலறையில் பழகிக்கொள்ளுங்கள்.

சயான் செவிலி

புனல் மூட்டுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உண்மையிலேயே உதவும். ஸ்ப்ரேயை அடித்துவிட்டு உடனே உட்காராமல் காயவிட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் எரியும். ஆனால் இருக்கைக்கு இவ்வளவு செலவழித்துவிட்டுக் கை கழுவாமல் வருபவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மேல்வீட்டுப் பெண்

நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. நான் வளர்ந்த வீடு ஒரு பொதுக் கழிப்பறையின் மேல்மாடி.

எங்கள் மும்பைத் தமிழில் கழிப்பறைக்கு 'சண்டாஸ்' என்றுதான் பெயர், இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். கும்பகோணத்துக்காரர்கள் கக்கூஸ் என்பார்கள், அது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்லாம். எங்கள் பள்ளியில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் 90 அடி சாலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். சண்டாஸ் மாடி என்று சொல்ல நாக்கு எழாது.

ஜோக்கின் அற்புதம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், செல்வி அக்கா சொன்ன அதே ஜனதா காலனியில் வாழ்ந்து அதன் இடிப்பை எதிர்த்துப் போராடியவர். 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018இல் காலமானார். அவருடைய தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும் மகிளா மிலன் என்ற பெண்கள் குழுக்களும் ஸ்பார்க் அமைப்பும் சேர்ந்து, குடிசைப் பகுதிகளில் மக்களே திட்டமிட்டு நடத்தும் கழிப்பறைகளைக் கட்டின. எப்படிக் கட்ட வேண்டும் என்று பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள். பெண்கள் சொன்னவை எல்லாம் பயத்திலிருந்து வந்தவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வாசல் வேண்டும், வரிசையும் தனியாக வேண்டும். தண்ணீர்த் தொட்டி உள்ளேயே வேண்டும். பெரியவர்கள் அவசரத்தில் பிள்ளைகளை வரிசையிலிருந்து தள்ளிவிடுகிறார்கள், பிள்ளைகளோ இருட்டான பெரிய குழியைப் பார்த்து அலறுகிறார்கள், அதனால் அவர்களுக்குத் தனி இடம் வேண்டும். அப்படித்தான் சிறிய வாயுள்ள பீங்கானும் விழாமல் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்த பிள்ளைகள் கழிப்பறை வந்தது. ராத்திரியிலும் ஆள் இருக்க வேண்டும் என்பதால் பராமரிப்பவரின் குடும்பத்துக்கு அங்கேயே ஓர் அறை. அப்படிப்பட்ட ஓர் அறைதான் எங்கள் வீடு.

அப்பா தினமும் நாலு முறை கழுவுவார். காலை ஐந்து மணிக்கு முன் ஒன்று, கூட்டம் முடிந்து பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று, இரவு கடைசியாக ஒன்று. குடும்பத்துக்கு மாத பாஸ் உண்டு, வெளியாட்களுக்குத் தனிக் கட்டணம். ஒரு நோட்டில் எழுதிவைப்பார். அவர் சொல்வது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது: "அருவருப்புப்பட்டு ஃபிளஷைத் தொடாமல் போகிறவர்தான் அடுத்தவருக்கு அருவருப்பை வைத்துவிட்டுப் போகிறார்." ஒருவர் தண்ணீர் ஊற்றாமல் போனால் அடுத்தவர் உள்ளேகூடக் கால் வைக்காமல் வாசலிலேயே இருந்துவிட்டுப் போவார். அரை மணி நேரத்தில் அந்த அறை பாழாகிவிடும். தாழ்ப்பாள் கழன்றாலும் இதே கதை. கழன்ற அன்றே மாட்டிவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒரு டப்பா நிறையத் தாழ்ப்பாளும் திருகாணியும் வைத்திருப்பார். பல்பு திருடு போகும், அதற்கும் கம்பிக்கூண்டு போட்டார்.

ஒரு நாள் கறை போகவில்லை என்று ஆசிட்டை ஊற்றிவிட்டு, அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவிவிட்டார். பச்சையாக ஒரு புகை, தொண்டையை அடைக்கும் நெடி. குளோரின் வாயு. நானும் அம்மாவும் அவரைப் படியில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தோம். இரண்டு நாள் இருமினார். இரண்டையும் எப்போதும் சேர்க்கக் கூடாது, உங்கள் வீட்டுக் குளியலறையிலும்தான். அதற்குப் பிறகுதான் யாரோ அவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தார்கள். அதுவரை வெறும் கை.

டோம்பிவ்லி அக்கா, நீங்கள் போன அந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னீர்களா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. யாரும் சொல்லமாட்டார்கள் என்று அப்பா வருத்தப்படுவார். பணத்தை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்களாம்.

தாணே வழக்கறிஞர்

இந்தப் பேச்சில் கட்டண விஷயம் விட்டுப்போகக் கூடாது. இந்த நகரத்தில் ஆண்கள் சிறுநீர் கழிப்பது இலவசம், பெண்களிடம் காசு என்ற நிலையை எதிர்த்து 2011இல் கோரோ உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து 'ரைட் டு பீ' (Right to Pee, அதாவது சிறுநீர் கழிக்கும் உரிமை) என்ற இயக்கத்தைத் தொடங்கின. பெண்களுக்குச் சுத்தமான, பாதுகாப்பான, இலவசமான சிறுநீர்க் கழிப்பிடம் வேண்டும் என்பது கோரிக்கை. பெயரைக் கேட்டுப் பலர் முகம் சுளித்தார்கள், அந்தச் சொல்லை வெளியில் பேச வைத்ததே ஒரு வெற்றிதான். இலவசமாக இருக்க வேண்டியதற்குக் காசு கேட்டால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், ரசீது கேளுங்கள், ஸ்டேஷன் மாஸ்டரிடமோ வார்டு அலுவலகத்திலோ எழுத்தில் கொடுங்கள்.

எண்ணிக்கையிலும் நியாயம் கேட்கலாம். தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புற வழிகாட்டுதல்படி சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. பெண்களுக்கு நேரம் அதிகம் ஆகும், மாதவிலக்கு நாட்கள் உண்டு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதால்தான் அந்த வேறுபாடு. உங்கள் பகுதியில் எண்ணிப் பாருங்கள்.

முன்னாள் கரோல்பாக்

டெல்லியில் இருந்தபோது 2017இல் தெற்கு டெல்லி மாநகராட்சி, உணவகங்களின் கழிப்பறைகளை வெளியாட்களும் பயன்படுத்தலாம், 5 ரூபாய்வரை வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்த ஒரு அறிவிப்பால் எனக்குக் கேட்கும் துணிச்சல் வந்தது. மும்பைக்கு வந்தபின்னும் கூச்சமில்லாமல் கேட்கிறேன். பத்தில் எட்டுப் பேர் விடுகிறார்கள்.

காட்கோபர் கண்ணன்

நல்லதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆசாத் நகரில் 2016இல் திறந்த சுவிதா மையத்துக்கு அம்மாவை அழைத்துப் போயிருக்கிறேன். கழிப்பறையோடு குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், குடிநீர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். குளித்த, கை கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கழிப்பறைக்குத் திருப்புகிறார்கள். தண்ணீர் இருந்தால் பாதிப் பயம் போய்விடும் என்று அம்மா சொன்னார்.

டோம்பிவ்லிக்காரி

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால்.

முதலில் அலுவலகம். சாவி விஷயத்தை மதியச் சாப்பாட்டு மேசையில் எடுத்தேன். குரல் நடுங்கியது. சொல்லி முடித்ததும் பக்கத்து அலுவலகத்து மராத்தி அக்கா தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். நிறையத் தண்ணீர். அவரும் குடிப்பதில்லை. அந்த மாடியில் நாங்கள் ஒன்பது பெண்கள், அதில் ஆறு பேர் இப்படித்தான் இருந்திருக்கிறோம், யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். இப்போது சாவி பெண்கள் உட்காரும் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மூடி போட்ட குப்பைத் தொட்டியும் வந்துவிட்டது. இதுவரை நாப்கினைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப்போனவர்கள் உண்டு.

அடுத்தது அந்த ஸ்டேஷன். தம்பி சொன்னபடி படிகள் எழுதிக்கொண்டேன். முதல் நாள் வாசல்வரை போய் வெளியே இருந்த குழாயில் கை மட்டும் கழுவிவிட்டு வந்தேன். ஃபினைல் வாடைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் நின்றேன். இரண்டாம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். அதே சேலைக் கரைத் துண்டு. மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சொன்னேன். எனக்கு இந்தி சரளமாக வராது, கையால் தாழ்ப்பாள் போடுவதுபோல் காட்டினேன். அவர் எழுந்து வந்து பார்த்தார். "மேலே சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், அந்தத் துணியை நான்தான் கட்டினேன், என் சேலையில் கிழித்தது" என்றார். ஒன்றுமே இல்லாமல் விடுவதற்கு மனம் வராமல் கட்டியிருக்கிறார். இத்தனை மாதம் அந்தத் துணியை நினைத்து நான் அருவருத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் அறுபது ரூபாய்க்கு ஒரு கொக்கித் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் மகன் மாலையில் வந்து மாட்டினான். அதே வேகத்தில் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மற்ற இரண்டு கதவுகளுக்கும் விளக்குக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகலில் முத்திரை வாங்கினேன். பதில் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் திரும்பப் போவேன்.

தாழ்ப்பாள் மாட்டியபின் நேற்று மாலை முதன்முறையாக அங்கே போனேன். இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை. வெளியே அந்த அம்மா யாரிடமோ "உள்ளே ஆள் இருக்கிறது, நில்லுங்கள்" என்று சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு வந்தது. செவிலி அக்கா, இருபது நொடி சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வீட்டுக்கு வந்தபோது பாட்டிலில் கால் பங்குதான் மிச்சம் இருந்தது. துளசிக்குக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினேன்.

மாதுங்கா மாமி

படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வாரம் பேத்தியைப் பார்க்க உன் பக்கம் வருகிறேன். அந்தத் தாழ்ப்பாள் மாட்டியது எத்தனையாவது கதவு?

டோம்பிவ்லிக்காரி

நடுக்கதவு மாமி. உள்ளே போனதும் இடது பக்கச் சுவரில் ஓர் ஆணியும் அடித்திருக்கிறது, பையை அதிலேயே மாட்டலாம். விளக்கு இன்னும் இல்லை, டார்ச் எடுத்து வாருங்கள்.